தொட்டிலும் வருகைப் பதிவேடும்

வாசகர் கேள்வி – பதில்

உலகில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1960களில் ஏறத்தாழ 5 ஆக இருந்து, இன்று 2.25 அளவுக்கு இறங்கியிருக்கிறது என்ற ஐ.நா. மதிப்பீட்டைச் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன். அந்த இறக்கத்தில் வேலையிடத்தின் எழுதப்படாத விதிகளுக்கும் ஊர்வாய்க்கும் பெரும் பங்கு உண்டு என்றும் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவனவற்றைவிட நீளமானவை; சில கோபமானவை, சில மிகவும் அந்தரங்கமானவை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்துவிட்டு, ஒன்றுக்கொன்று தொடர்புடைய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெண்கள் படித்து வேலைக்குப் போகத் தொடங்கியதால்தான் குழந்தைகள் குறைந்தன என்று என் தலைமுறையினர் நம்புகிறோம். நீங்கள் அதைச் சுற்றிவளைத்து மறுப்பதாகத் தெரிகிறது. நேராகச் சொல்லுங்கள், அது உண்மையா இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, பாதி உண்மை. ஆறு குழந்தைகள் என்றிருந்த நிலை இரண்டு என்று மாறியதில் பெண் கல்விக்குப் பெரிய இடம் உண்டு. படித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது, கருத்தடை முறைகள் தெரிகின்றன, பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வருகிறது. அதை இழப்பாக நான் எண்ணவில்லை. நீங்களும் வகுப்பறையில் ஆயுளைக் கழித்தவர் என்பதால் எண்ணமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் அதற்குக் கீழேயும் இறங்கிய கதை வேறு. அங்கே உங்கள் விளக்கம் பொருந்துவதில்லை.

1970ஆம் ஆண்டு வாக்கில் வளர்ந்த நாடுகளை வரிசைப்படுத்தினால், பெண்கள் அதிகமாக வேலைக்குச் சென்ற நாடுகளில் குழந்தைகள் குறைவாகவே இருந்தனர். 1980களின் பிற்பகுதியில் அந்த உறவு தலைகீழாகிவிட்டது. பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் வேலைக்குச் சென்ற சுவீடனில் 1990இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தனர். பெண்கள் மிகக் குறைவாகவே வேலைக்குச் சென்ற இத்தாலியில் 1995இல் அது கிட்டத்தட்ட 1.2 ஆக இருந்தது. பெண்ணை வீட்டில் இருத்தினால் தொட்டில் நிறையும் என்றால் இத்தாலியின் தொட்டில்கள் அல்லவா நிறைந்திருக்க வேண்டும்? இன்று அந்த உறவு மங்கிவிட்டது என்றாலும், பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

காரணத்தை ஜெர்மானிய மொழியின் ஒரு வசைச்சொல்லிலிருந்து விளக்கலாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று நாம் சொல்கிறோம். ஜெர்மானியரோ, பிள்ளையைக் கவனிக்காத தாயை 'ராபன்முட்டர்', அதாவது அண்டங்காக்கைத் தாய் என்பார்கள். மேற்கு ஜெர்மனியில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குச் சென்ற பெண்ணின்மேல் அந்தச் சொல் தயங்காமல் வீசப்பட்டது. பள்ளிகள் நண்பகலோடு முடிந்துவிடும். மதியத்துக்குப் பிறகு வீட்டில் தாய் இருப்பாள் என்பது அந்தக் கால அட்டவணைக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. குடும்பக் கடமைகளுக்கு இடையூறு இல்லாத அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற சட்டவரி 1977 வரை அங்கே நீடித்தது. இதன் விளைவாகப் படித்த பெண்கள் வேலையைத் துறந்து வீடு திரும்பிவிடவில்லை. கணிசமானோர் வேலையை வைத்துக்கொண்டு குழந்தையைத் துறந்தார்கள். 'நல்ல தாய்' என்பதற்கான அளவுகோலை எட்ட முடியாத உயரத்தில் வைத்தால், பலர் அந்தத் தேர்வையே எழுதாமல் போய்விடுவார்கள்.

2007இல் ஜெர்மனி பாதை மாறிற்று. குழந்தை பிறந்தபின் விடுப்பில் இருப்பவருக்கு முன்பு வாங்கிய நிகர ஊதியத்தில் சுமார் 67 விழுக்காடு வழங்கப்பட்டது. அதில் இரண்டு மாதங்கள் மற்றொரு பெற்றோர் எடுத்தால் மட்டுமே கிடைக்கும்படி ஒதுக்கப்பட்டன. 2013இல் ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் சட்ட உரிமையாயிற்று. 2006இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.33 குழந்தைகள் என்றிருந்த விகிதம் 2016இல் 1.59 ஆனது. அண்மையில் அது மீண்டும் இறங்கியிருப்பதை மறைக்க விரும்பவில்லை. அதைப் பின்னால் வரும் ஒரு கேள்வியில் பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. இந்த விவாதம் புதியதன்று. 1934இல் சுவீடனின் ஆல்வா மிர்தால், குன்னார் மிர்தால் தம்பதியர் மக்கள்தொகை நெருக்கடி பற்றி ஒரு நூல் எழுதினர். பெண்களை வீட்டுக்குத் திருப்பியனுப்புவதே தீர்வு என்று பலர் பேசிய காலம் அது. பிள்ளை வளர்ப்பதன் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்ளாதவரை யாரும் பிள்ளை பெறத் துணியமாட்டார்கள் என்று அவர்கள் வாதிட்டனர். திருமணத்தையோ கர்ப்பத்தையோ காரணம் காட்டிப் பெண்ணை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 1939இல் அங்கே சட்டம் வந்தது.

கேள்வி: மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் நேராக 2 என்று இருக்கக் கூடாது?
– கல்லூரி மாணவி

பதில்: தாய், தந்தை இருவரின் இடத்தை நிரப்ப இரண்டு பேர் போதும் என்று தோன்றும். ஆனால் பிறக்கும் குழந்தைகளில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 105 ஆண்கள் இருப்பதாலும், சில குழந்தைகள் வளர்ந்து ஆளாகும் முன்பே இறந்துவிடுவதாலும் அந்தச் சிறு கூடுதல் தேவைப்படுகிறது. குழந்தை இறப்பு அதிகமுள்ள நாடுகளில் இந்த அளவு 2.1க்கும் மேலே இருக்கும்.

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். என் மகளின் காப்பகம் மாலை 6.30க்கு மூடும். ஆறு மணிக்கு இருக்கையின் முதுகில் என் சால்வையைப் போட்டுவிட்டு, கணினித் திரையை அணைக்காமல், மின்தூக்கியைத் தவிர்த்துப் படிக்கட்டு வழியாக இறங்குகிறேன். மின்தூக்கிக்குப் போனால் மேலாளரின் கண்ணாடி அறையைக் கடக்க வேண்டும். இரவு மகள் தூங்கியபின் மீண்டும் அமர்ந்து வேலையை முடித்துவிடுகிறேன். ஆறு மணிக்குப் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. என்னை யாரும் கண்டித்ததும் இல்லை. பிறகு ஏன் திருடியைப் போல இறங்குகிறேன்? இன்னொரு குழந்தை வேண்டும் என்று கணவர் கேட்கும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டுதான் என் நினைவுக்கு வருகிறது.
– வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் அந்தப் படிக்கட்டில் இறங்கியவள். என் முதல் கர்ப்பத்தை ஐந்தாம் மாதம் வரை அலுவலகத்தில் மறைத்து வைத்திருந்தேன். பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரட்டும் என்று காத்திருந்தேன். சொன்ன அன்று மேலாளர் மனமார வாழ்த்தினார். அடுத்த வாரமே நான் இரண்டாண்டுகளாகக் கையாண்டுவந்த பணி வேறொருவரின் மேசைக்குப் போயிற்று. 'உங்கள் நன்மைக்காகத்தான் அம்மா' என்றார்கள். அதில் வன்மம் இருந்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. வன்மம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேச ஒரு முகமாவது கிடைத்திருக்கும்.

உங்களைத் திருடியாக்குவது விதிப்புத்தகத்தில் இல்லாத விதி. உழைப்பை அளப்பது கடினம், இருக்கையில் இருந்த நேரத்தை எண்ணுவது எளிது. ஆகவே பல அலுவலகங்களில் எளிதானதே அளவுகோலாகிவிட்டது. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், இத்தகைய வேலைகளைப் பேராசை பிடித்த வேலைகள் என்கிறார். எப்போது அழைத்தாலும் வரக்கூடியவருக்கும், நேரம் காலம் பாராமல் இருப்பவருக்கும் அவை கூடுதல் நேரத்தின் விகிதத்தையும் மீறிப் பல மடங்கு ஊதியம் தருகின்றன. அப்போது ஒரு தம்பதி என்ன செய்யும்? இருவருமே அந்த வேலையில் இருந்தால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. இருவருமே விட்டால் வருமானம் இல்லை. ஒருவர் வேலைக்குக் கட்டுப்படுகிறார், மற்றவர் குழந்தைக்குக் கட்டுப்படுகிறார். அந்த மற்றவர் யார் என்பதை ஊர்வழக்கம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறது.

டென்மார்க்கின் ஆவணங்களைக் கொண்டு கிளெவன், லாண்டே, சோகார்டு என்ற மூவர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் இருவரின் வருமானக் கோடுகளும் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. பிறந்த ஆண்டில் பெண்ணின் கோடு மட்டும் சரிகிறது. ஆணின் கோடு அசைவதே இல்லை. நீண்டகாலத்திலும் அந்த இடைவெளி ஏறத்தாழ 20 விழுக்காடாக நின்றுவிடுகிறது. இது நடப்பது காப்பகங்களும் விடுப்புகளும் தாராளமாக உள்ள ஒரு நாட்டில்! இரண்டாவது குழந்தையைப் பற்றி நீங்கள் தயங்கும்போது உங்கள் மனம் செய்யும் கணக்கும் இதுவே.

தென் கொரியாவில் குழந்தைக்காக வேலையை விட்டு மீண்டும் நுழைய முடியாமல் போன பெண்களைக் குறிக்கவே ஒரு சொல் உண்டு. 'பணிவாழ்வு அறுந்த பெண்' என்று அதற்குப் பொருள். அரசின் புள்ளிவிவரத்திலேயே அது ஒரு தனிப் பிரிவு. 1960இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 6 குழந்தைகள் இருந்தனர், 2023இல் 0.72. வாரத்துக்கு 68 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றிருந்த உச்சவரம்பு 2018இல்தான் 52 ஆகக் குறைக்கப்பட்டது. 2023 மார்ச்சில் அதை 69 மணி வரை நீட்டிக்க அரசு முயன்றபோது இளம் தொழிலாளர்கள் கொதித்தெழ, அரசு பின்வாங்கியது. குழந்தை பெறுங்கள் என்று ஒரு கையால் பணம் கொடுத்துவிட்டு, மறு கையால் மாலைப் பொழுதைப் பறித்தால் அந்தக் குழந்தை எந்த நேரத்தில் வளரும்?

ஜப்பானில் கர்ப்பிணிகளை வேலையிடத்தில் துன்புறுத்துவதற்கு 'மதஹாரா' என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது. கர்ப்பத்தின்போது இலகுவான பணி கேட்டதற்காகப் பதவி இறக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், அது சட்டவிரோதம் என்று 2014 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் நீதிமன்றம் போனது தனக்காகத்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு அன்று சட்டத்தின் எடை கிடைத்தது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல், இந்த நிலை வேலையின் இயல்பால் வந்ததன்று என்பதே. கோல்டினும் காட்ஸ் என்ற பொருளியலாளரும் அமெரிக்க மருந்தாளுநர்களை ஆராய்ந்தனர். ஒரு காலத்தில் மருந்துக்கடைக்காரர் இரவும் பகலும் கடையைவிட்டு நகர முடியாதவர். நோயாளியின் விவரங்கள் கணினியில் பதிவாகி, யார் வேண்டுமானாலும் மற்றவரின் பணியைத் தொடரலாம் என்று ஆனபின், குறைந்த நேரம் வேலை செய்பவருக்கும் ஒரு மணி நேரத்துக்கு மற்றவருக்குச் சமமான ஊதியம் கிடைக்கலாயிற்று. ஆண் பெண் ஊதிய இடைவெளி மிகக் குறைவாக உள்ள தொழில்களில் ஒன்றாக அது மாறிற்று. உங்கள் குழுவில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடரும்படி பணியைப் பதிவுசெய்து வைக்கும் வழக்கம் உண்டா? இல்லையென்றால், சால்வையைப் பற்றிப் பேசுவதைவிட அதைப் பற்றிப் பேசுவது மேலாளரிடம் எடுபடும். இரவு நீங்கள் முடித்து அனுப்பும் வேலையின் கணக்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் பிறகு நீங்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி அது கையில் இருக்கட்டும்.

கேள்வி: சமூக வழக்கம், ஊர்வாய் என்று எழுதுகிறீர்கள். எத்தனை பிள்ளை என்பது கணவன் மனைவிக்கு இடையிலான முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியா யாரும் பெறுகிறார்கள்?
– வாசகர்

பதில்: சொல்லிப் பெறுவதில்லை, பார்த்துப் பெறுகிறார்கள். எத்தனை பேர் இருந்தால் அது 'குடும்பம்' போலத் தோன்றுகிறது என்பதை நாம் சுற்றத்திலிருந்தே கற்றுக்கொள்கிறோம், கற்றுக்கொண்டது தெரியாமலேயே.

1966ஆம் ஆண்டின் ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் 'நெருப்புக் குதிரை' ஆண்டு அது. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவளாகி, கணவனுக்குக் கேடு விளைவிப்பாள் என்பது பழைய நம்பிக்கை. நவீனத் தொழில் வளர்ச்சியில் விரைந்துகொண்டிருந்த நாட்டில், போரோ பஞ்சமோ ஏதுமின்றி, முந்தைய ஆண்டில் 2.14 ஆக இருந்த விகிதம் அந்த ஒரே ஆண்டில் 1.58க்கு விழுந்தது, அடுத்த ஆண்டே 2.23க்கு ஏறிவிட்டது. அந்தப் பெற்றோர் எல்லோருமே அதை நம்பினார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாளை தம் மகளுக்குத் திருமணம் பேசும்போது மற்றவர்கள் நம்புவார்களே என்று அஞ்சியிருப்பார்கள். ஊர்வாய் வேலை செய்யும் விதம் அதுதான்.

பிரேசிலில் நடந்தது அதற்கு நேரெதிரான, மென்மையான பாதை. அங்கே அரசு குடும்பக் கட்டுப்பாட்டை வற்புறுத்தவில்லை; ஆயினும் 1960இல் 6க்கு மேல் இருந்த விகிதம் 2000இல் 2.3 ஆயிற்று. லா பெராரா, சோங், துர்யேயா என்ற ஆய்வாளர்கள் ரெடே குளோபோ தொலைக்காட்சியின் தொடர்களை ஆராய்ந்தனர். 1965 முதல் 1999 வரை ஒளிபரப்பான 115 தொடர்களில், 50 வயதுக்குட்பட்ட முதன்மைப் பெண் பாத்திரங்களில் 72 விழுக்காட்டினருக்குக் குழந்தையே இல்லை. 21 விழுக்காட்டினருக்கு ஒரே குழந்தை. அந்த ஒளிபரப்பு எட்டிய பகுதிகளில், குறிப்பாக ஏழைப் பெண்களிடையே, பிறப்புகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. 'குறைவாகப் பெறுங்கள்' என்று எந்தப் பாத்திரமும் அறிவுரை சொல்லவில்லை. அழகான, மகிழ்ச்சியான வீடுகளில் தொட்டில்கள் குறைவாக இருந்தன, அவ்வளவே.

ஐரோப்பாவின் பழைய பதிவுகளும் இதையே சொல்கின்றன. மக்கள்தொகையியலாளர் அன்ஸ்லி கோல் தலைமையில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1963இல் தொடங்கிய பெரும் ஆய்வு, பிறப்பு விகிதம் இறங்கிய காலத்தை வருமானமோ தொழில்மயமோ மட்டும் விளக்கவில்லை என்று கண்டது. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் ஊர்களில் முன்னதாகவும், அருகிலேயே பிளெமிய மொழி பேசும் ஊர்களில் பின்னதாகவும் இறக்கம் நிகழ்ந்தது. இடையில் மலையோ ஆறோ இல்லை. யார் யாரோடு பேசிக்கொண்டார்கள் என்பதே எல்லை.

கேள்வி: அரசு பணம் கொடுத்தால் குழந்தைகள் பிறக்குமா?
– வணிகர்

பதில்: கொஞ்சம் பிறக்கும், பெரும்பாலும், பின்னால் பெற நினைத்ததை முன்னதாகப் பெறுவார்கள். ஹங்கேரி தன் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் குடும்பங்களுக்கான சலுகைகளில் செலவிடுகிறது. நான்கு குழந்தைகள் பெற்ற தாய்க்கு வாழ்நாள் முழுதும் வருமான வரி இல்லை. 2011இல் 1.23 ஆக இருந்த விகிதம் 2021இல் 1.6ஐ நெருங்கி, 2024இல் மீண்டும் 1.4க்குக் கீழே வந்துவிட்டது.

பணம் பயனற்றது என்று சொல்லவில்லை. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2025இல் 14 நாடுகளில் நடத்திய கருத்தாய்வில், விரும்பிய எண்ணிக்கையில் குழந்தை பெற முடியாமைக்குப் பொருளாதாரத் தடையைக் காரணமாகச் சொன்னவர்கள் 39 விழுக்காட்டினர்; வேலையின் நிச்சயமின்மையைச் சொன்னவர்கள் 21 விழுக்காட்டினர். ஒருமுறை கைக்கு வரும் தொகை இரண்டாவது கவலையைத் தீர்ப்பதில்லை. ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒருவர், இருபது ஆண்டுகள் நீளும் ஒரு பொறுப்பை எப்படி ஏற்பார்?

பணத்தைவிடக் கொடிய வழியையும் வரலாறு பார்த்துவிட்டது. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். அடுத்த ஆண்டே விகிதம் 1.9இலிருந்து 3.7க்குத் தாவியது. சில ஆண்டுகளில் மக்கள் மறைவழிகளைக் கண்டுகொள்ள, எண்ணிக்கை இறங்கலாயிற்று. பாதுகாப்பற்ற கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தனர், அநாதை இல்லங்கள் நிரம்பி வழிந்தன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தவுடன் நீக்கப்பட்ட முதல் சட்டங்களில் அதுவும் ஒன்று. பிறப்பு விகிதம் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கதையை மறக்கக் கூடாது.

கேள்வி: விடுப்பும் காப்பகமும் சமத்துவமும் எல்லாம் உள்ள சுவீடனிலும் பின்லாந்திலும் இப்போது பிறப்புகள் சரிகின்றனவே. உங்கள் வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறதல்லவா?
– ஆய்வு மாணவர்

பதில்: இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் கூடாது. பின்லாந்தில் 2010இல் 1.87 ஆக இருந்தது 2023இல் 1.26, சுவீடனில் 2024இல் 1.43. வேலையிடம் நியாயமாக இருந்தால் போதும், பிறப்புகள் உயரும் என்று நான் எழுதியிருந்தால் அது தவறு. அது தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனையன்று.

பின்லாந்தில் குறைந்தது பெரும்பாலும் முதல் குழந்தை. ஒன்று பெற்றவர்கள் இரண்டாவதைப் பெறாமல் விடுவதைவிட, தொடங்காமலேயே இருப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். தாய்மை, தந்தைமை என்பது வளர்ந்தவர் ஆவதன் முதல் படியாக இருந்த காலம் போய், படிப்பு, நிலையான வேலை, வீடு, பயணம், மனத்துக்கிசைந்த துணை எல்லாம் அமைந்தபின் வைக்கப்படும் கடைசிக் கல்லாக அது மாறியிருக்கிறது. அடியிலுள்ள கற்களில் ஒன்று ஆடினாலும் கடைசிக் கல் ஏறாது. நன்றாக வளர்ப்பது என்பதன் அளவுகோலும் எங்கும் உயர்ந்துகொண்டே போகிறது. அந்த உயர்வை எந்த விடுப்புச் சட்டமும் ஈடுகட்டுவதில்லை.

துணை அமைவது என்பதையும் நாம் போதிய அளவு பேசுவதில்லை. ஜப்பானில் திருமணமாகி 15 முதல் 19 ஆண்டுகள் ஆன தம்பதியருக்கு 2021இல் சராசரியாக 1.9 குழந்தைகள் இருந்தனர். அப்படியிருந்தும் நாட்டின் விகிதம் 2024இல் 1.15க்கு இறங்கியிருக்கிறது என்றால், திருமணமே நடப்பதில்லை என்று பொருள். 2020 கணக்கெடுப்பின்படி 50 வயதுவரை மணம் செய்யாத ஆண்கள் நான்கில் ஒருவருக்கும் மேல், பெண்கள் ஆறில் ஒருவருக்கும் மேல். பிரான்சிலும் சுவீடனிலும் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் திருமணப் பதிவு இல்லாத பெற்றோருக்குப் பிறக்கின்றன. ஜப்பானில் அது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். திருமணத்துக்கு வெளியே குழந்தை என்பதை ஏற்காத சமூகம், திருமணத்துக்கு முன்நிபந்தனையாக ஆணிடம் நிலையான வேலையையும் பெண்ணிடம் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் கேட்கிறது. தற்காலிக வேலையிலுள்ள ஆணுக்குப் பெண் கிடைப்பதில்லை. சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாவதில்லை.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். பெண்கள் முதல் குழந்தையை 26இலிருந்து 31க்குத் தள்ளிப்போடும் காலத்தில் ஆண்டுவாரி விகிதம் உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். தள்ளிப்போட்டதில் ஒரு பகுதி பின்னால் வந்து சேரும். முழுவதும் வந்து சேராது என்பதுதான் துயரம். முப்பத்தைந்தைக் கடந்தபின் உடல் ஒத்துழைப்பது குறைகிறது, செயற்கைக் கருத்தரிப்பு அந்த இழப்பின் ஒரு பங்கையே மீட்கிறது. பதவி உயர்வுக்கான ஆண்டுகளும் கருவுறுவதற்கான ஆண்டுகளும் ஒரே பத்தாண்டில் வந்து மோதும்படி பணிவாழ்வை வகுத்தது இயற்கை இல்லை. அதை மாற்றியமைக்கவும் முடியும்.

கேள்வி: எனக்குக் குழந்தை வேண்டாம். வேலையும் காரணமில்லை, பணமும் காரணமில்லை. நீங்கள் எல்லோரும் இதை ஒரு நோயைப் போலப் பேசுவது என்னைப் புண்படுத்துகிறது.
– வாசகி

பதில்: புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். உங்கள் முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. நான் கவலைப்படுவது வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டே பெற முடியாமல் போகிறவர்களைப் பற்றித்தான். உங்கள் 'வேண்டாம்' என்பதை மதிக்காத ஊர்வாயே, படிக்கட்டில் இறங்கும் அந்த வாசகியின் 'வேண்டும்' என்பதையும் மதிக்காமல் இருக்கிறது.

கேள்வி: அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. என் நிறுவனத்தில் தந்தையர் விடுப்பு உண்டு. ஆனால் என் பிரிவில் யாரும் முழுதாக எடுத்ததில்லை. 'ஆம்பிளைக்கு எதற்கு அத்தனை நாள்' என்று என் அண்ணனே கேட்கிறார். நான் ஒருவன் எடுப்பதால் என்ன மாறிவிடும்?
– வாசகர்

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். நீங்கள் நினைப்பதைவிட அதிகம் மாறும். அதற்கு அளந்து பார்த்த சான்று இருக்கிறது.

தாய்க்கு மட்டும் என்றிருந்த விடுப்பை 1974இல் இரு பெற்றோருக்கும் உரியதாக்கிய முதல் நாடு சுவீடன். ஆனால் 'யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்றபோது ஆண்கள் எடுக்கவில்லை; பேருக்குத்தான் பொது, வழக்கத்தில் அது தாயின் விடுப்பு. நார்வே 1993இல் நான்கு வாரங்களைத் தந்தைக்கென ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே கிடையாது என்று விதித்தது. அதற்கு முன் நூற்றுக்கு மூன்று தந்தையரே விடுப்பு எடுத்தனர். சில ஆண்டுகளில் எடுப்பவர்கள் பெரும்பான்மையாயினர். 'எனக்கு ஆசை' என்று சொல்லக் கூசியவர்கள், 'எடுக்காவிட்டால் வீணாகிவிடும்' என்று சொல்லக் கூசவில்லை.

ஜப்பானின் கதை சட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சி. காகிதத்தில் உலகின் மிகத் தாராளமான தந்தையர் விடுப்புகளில் ஒன்று அங்கே இருந்தது. 2012இல் அதை எடுத்த ஆண்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. வீட்டில் ஊதியமில்லாத வேலைக்கு ஜப்பானிய ஆண் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 40 நிமிடம், பெண் செலவிடுவது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் என்பது வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனத்தின் (OECD) கணக்கு. 2020 சனவரியில் அமைச்சர் ஷின்ஜிரோ கொய்சுமி மகன் பிறந்ததும் இரண்டு வாரம் விடுப்பு எடுக்கப்போவதாக அறிவித்தது நாடெங்கும் விவாதமாயிற்று. விடுப்பு பற்றி ஊழியரிடம் நிறுவனமே எடுத்துச் சொல்லி விருப்பத்தைக் கேட்டாக வேண்டும் என்று பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் எடுத்தவர்கள் 30 விழுக்காட்டினர், 2024இல் 40ஐத் தாண்டினர்.

இனி உங்கள் கேள்விக்கு நேரான பதில். டால், லோக்கென், மொக்ஸ்டாட் என்ற பொருளியலாளர்கள் நார்வேயின் 1993 விதி நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்னும் பின்னும் தந்தையானவர்களை ஒப்பிட்டனர். விடுப்பு எடுத்த ஒருவரின் உடன்பணியாளர், பின்னர் தாமும் தந்தையாகும்போது விடுப்பு எடுக்கும் வாய்ப்பு 11 விழுக்காட்டுப் புள்ளிகளும், அவருடைய உடன்பிறந்த ஆணுக்கு 15 புள்ளிகளும் கூடியிருந்தன. விடுப்பு எடுத்ததால் வேலைக்கு ஆபத்து வரவில்லை என்பதைக் கண்ணால் கண்டதே அதற்குக் காரணமாகத் தெரிகிறது. விடுப்பு எடுத்தவர் மேலாளராக இருந்தால் அந்தத் தாக்கம் இன்னும் அதிகம்.

எனவே அண்ணனிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். எடுத்துக் காட்டுங்கள், அடுத்த குழந்தை அவர் வீட்டில் பிறந்தால் அவரே உங்களிடம் நடைமுறையைக் கேட்பார். எடுக்கும்போது முழுதாக எடுங்கள். நான்கு நாள் எடுத்துவிட்டு ஐந்தாம் நாள் அலுவலக அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் அந்த நான்கு நாள்தான் அளவாகும். போகும் முன் பணியை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் மேலாளருக்கும் சிறு குழந்தை இருக்குமானால், விண்ணப்பத்தை நீட்டும்போது, அவர் எத்தனை நாள் எடுத்தார் என்று மரியாதையோடு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.